தந்தை என்ற கட்டத்தில்

பாம்கோல், யேச்சோன் மாவட்டம்
1966 பிப்ரவரி 3

மதிப்புக்குரிய அண்ணனுக்கு,

குளிர் இன்னும் விட்டபாடில்லை. கிணற்றுக் கயிறு விறைத்துக் கம்பு மாதிரி நிற்கிறது. சியோல் குளிரில் உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? அண்ணிக்கு இருமல் நின்றதா? இங்கே நாங்கள் எல்லோரும் நலம்.

சந்திரப் புத்தாண்டுச் சடங்குக்கு வர அலுவலகம் விடவில்லை என்று உங்கள் தந்தி வந்தது. தந்திக்குக் கொடுத்த காசில் பாதி தூரம் ரயிலில் வந்திருக்கலாம் என்று என் மனைவி சொன்னாள். நான் சொல்லவில்லை. மூத்தவர் வைக்க வேண்டிய மதுக் கிண்ணத்தை இந்த வருஷமும் அப்பாவின் நினைவுப் பலகை முன்னால் நானே வைத்தேன்.

சின்னவன் கிசோப் ஐந்து நாள் விடுப்பில் வந்திருந்தான். வடக்கு எல்லையில் மலைமேல் காவல். கன்னம் இரண்டும் குளிரில் வெடித்திருக்கிறது. வந்ததும் மூன்று கிண்ணம் சோறு சாப்பிட்டுவிட்டு, நாலாவது கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போனான்.

அவன் விஷயமாகத்தான் எழுதுகிறேன். உங்களுக்கு இரண்டும் பெண்கள். எனக்குப் பெரியவன் கிஜுன் இருக்கிறான். பெரிய வீட்டுச் சடங்குகள் அற்றுப்போகாமல் இருக்கக் கிசோப்பை உங்களுக்குச் சுவீகாரம் கொடுப்பதென்று, மூன்று வருஷத்துக்கு முன் அப்பா திதியன்று பங்காளிகள் கூடிப் பேசி முடித்தோம். பேச்சோடு நிற்கிறது. இத்துடன் படிவம் வைத்திருக்கிறேன். என் பெயர் பொறித்த முத்திரையை வைத்தாகிவிட்டது. உங்கள் முத்திரையும், அது உங்களுடையதுதான் என்ற சான்றும் வேண்டும். குடும்பப் பதிவேட்டில் ஏறிவிட்டால் அவன் உங்களுடைய ஒரே மகன்.

வட்டார அலுவலகக் குமாஸ்தா குவோன் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். வீட்டுக்கு ஒரே மகனாக இருந்தால் வியட்நாமுக்கு அனுப்புவதில்லையாம். சும்மா கேட்டுக்கொண்டேன். படிவத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வணங்கி எழுதும் தம்பி,
பியோங்தோக்


சியோல்
1966 பிப்ரவரி 26

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கண்டு மகிழ்ச்சி. முட்டிவலி இருக்கிறது. உன் அண்ணிக்கு இருமல் குறைந்திருக்கிறது. உன் மனைவி சொன்னது நியாயம். அவளிடம் என் மன்னிப்பைச் சொல்.

இரவு பகலாக வேலை. அமெரிக்கத் தூதரகத்திலிருந்து வரும் தாள்களை நம் மொழிக்கு மாற்றுவதும், நம்மவர்கள் பதிலை அவர்கள் மொழிக்கு மாற்றுவதும்தான் என் பிழைப்பு என்பது உனக்குத் தெரியும். செய்தித்தாளில் வந்ததற்கு மேல் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே நம் பிள்ளைகள் அங்கே போயிருக்கிறார்கள். இன்னும் வேண்டும் என்கிறார்கள். அனுப்பினால் நமக்கு என்ன என்று நம்மவர்கள் கேட்கிறார்கள். தாள் போகிறது, தாள் வருகிறது. யாரும் யாரையும் மிரட்டவில்லை. எல்லாம் மரியாதையாகவே நடக்கிறது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். நீயும் நானும் மரப்பட்டையைச் சுரண்டித் தின்ற வசந்த காலங்கள் உனக்கு மறந்திருக்காது. ஆலைகள், சாலைகள், கடன், வேலை எல்லாம் இந்தத் தாள்களில் இருக்கின்றன. நம் பேரப்பிள்ளைகளாவது அந்தப் பட்டையின் ருசி தெரியாமல் வளரட்டும்.

படிவம் வந்தது. பத்திரமாக வைத்திருக்கிறேன். கிசோப்பின் படை எல்லையைக் காக்கிற படை. அதை எடுத்துவிட்டால் வடக்கிலிருந்து யார் வேண்டுமானாலும் நடந்து வரலாம். எனவே பதற வேண்டாம்.

அண்ணன்,
இன்தோக்


பாம்கோல்
1966 மார்ச் 29

அண்ணனுக்கு வணக்கம்.

வாற்கோதுமை முழங்கால் உயரம் வந்துவிட்டது. எல்லோரும் சுகம். உங்கள் சுகத்தைப் பற்றி எழுதுங்கள்.

இன்னும் ஒரு படை அனுப்ப நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டது என்று போன வாரம் ஊர்த் தலைவர் வீட்டு வானொலியில் கேட்டோம். சிப்பாய்க்கு டாலரில் சம்பளமாம். இங்கே ஒரு வருஷம் மூட்டை சுமந்து சம்பாதிக்கிறதை அங்கே ஒரு மாதத்தில் கொடுக்கிறார்களாம். மக்கொலி அரிசிக்கள் கடையில் ஒரே கணக்குத்தான். மகன் இல்லாதவன்கூட மகனை அனுப்பினால் எத்தனை வயல் வாங்கலாம் என்று பேசுகிறான்.

அண்ணா, நான் முப்பது வருஷமாக மாட்டுச் சந்தைக்குப் போகிறவன். என் மாட்டுக்கு நான் ஒரு விலை சொல்லுவேன். வாங்குகிறவன் பல்லைப் பார்த்து, குளம்பைப் பார்த்து, இது நொண்டி, இது கிழம் என்று பாதியாகக் குறைப்பான். அதுதான் வியாபாரம். ஒரே ஒரு தடவை ஒருத்தன் நான் கேட்டதற்கு மேலே கொடுத்தான். ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாள்தான் தெரிந்தது, அவன் ஊரில் கோமாரி வந்து உழவுமாடு அத்தனையும் விழுந்துகொண்டிருந்தது. என்னிடம் வாங்கிக்கொண்டு போன மாடும் ஒரு மாதம் தாங்கவில்லை. உங்கள் தாளில் அவர்கள் எதையாவது குறைத்துக் கேட்டார்களா? இல்லை, நாம் கேட்டதற்கு மேலேயே கொடுத்தார்களா? எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான்.

கிசோப் எழுதியிருக்கிறான், அவன் படையைப் பற்றியும் பேச்சிருக்கிறதாம். படிவத்தில் முத்திரை வைத்துவிட்டீர்களா? சடங்குக் காரியம், தள்ளிப்போடக் கூடாது.

தம்பி,
பியோங்தோக்


சியோல்
1966 ஏப்ரல் 24

அன்புத் தம்பிக்கு,

நலம். நீங்கள் எல்லோரும் நலமென நம்புகிறேன். இங்கே செர்ரி மரங்கள் பூத்துக் கொட்டிவிட்டன. பார்க்க நேரமில்லை.

உன் மாட்டுச் சந்தைக் கதையை இரண்டு தடவை படித்தேன். நாடுகள் பேசுவது வேறு. சில இடங்களில் குறைத்தார்கள், சில இடங்களில் கூட்டினார்கள். எங்கே கூட்டினார்கள் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை.

முத்திரைச் சான்றுக்கு எங்கள் பகுதி அலுவலகத்தில் கூட்டம் அதிகம். இரண்டு தடவை போய்த் திரும்பினேன். கிடைத்ததும் அனுப்புகிறேன். என் இயக்குநர் ஷிம் என் வேலையில் திருப்தியாக இருக்கிறார். கோடையில் எனக்குப் பிரிவுத் தலைவர் பதவி கிடைக்கலாம் என்று ஒரு பேச்சு. கிடைக்கும் முன் ஊரில் சொல்லாதே.

அண்ணன்,
இன்தோக்


பாம்கோல்
1966 ஜூன் 14

அண்ணனுக்கு,

நாற்று நடவு. கை காயவில்லை. அதனால் நாலு வரிதான். எல்லோரும் சுகம்.

கிசோப்பின் படையைச் சொல்லிவிட்டார்கள். ஆகஸ்ட் கடைசியிலிருந்து கப்பல். மே மாதம் நான் போட்ட கடிதத்துக்குப் பதில் இல்லை. அது ஒரே ஒரு தாள் அண்ணா. முத்திரை தொலைந்திருந்தால் சொல்லுங்கள், இங்கேயே ஒன்று செதுக்கி அனுப்புகிறேன். மரம் என்னுடையது, கூலியும் என்னுடையது.

அண்ணிக்கு இருமல் எப்படி?

பியோங்தோக்


பயிற்சி முகாம்
1966 ஜூலை 30

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வெயிலில் உடம்பு எப்படி இருக்கிறது? பெரியம்மாவும் தங்கைகளும் நலமா? நான் நலம். மலை ஏறி மலை இறங்கி, இப்போது படுத்தாலும் கால் தானாக நடக்கிறது. அம்மா போன வாரம் கோழி ஒன்றைப் பொரித்து எடுத்துக்கொண்டு வந்து பார்த்தாள். முகாமுக்குள் நுழையும் முன்பே கோழியில் பாதியை வாசல் காவல்காரன் மோப்பம் பிடித்தே தின்றுவிட்டான்.

அன்று சார்ஜென்ட் எங்களை வரிசையில் நிற்கவைத்து, “வீட்டுக்கு ஒத்தப் பிள்ளையா இருக்கிறவன் முன்னால வா. பொய் சொன்னீங்க, பதிவேடு பார்த்துட்டு முதுகுத் தோலை உரிச்சிடுவேன்” என்றார். மூன்று பேர் முன்னால் போனார்கள். நான் ஒரு கால் எடுத்து வைத்தேன். அப்புறம் பதிவேட்டில் இன்னும் நான் இரண்டாவது பிள்ளைதானே என்று காலைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். அப்பா சொன்ன படிவம் வந்துவிடும் என்று தெரியும். அவசரமில்லை பெரியப்பா. எனக்குப் போவதில் அவ்வளவு வருத்தமும் இல்லை. ஒரு வருஷம் இருந்துவிட்டு வந்தால் அண்ணன் குத்தகைக்கு உழுகிற வயல் சொந்தமாகிவிடும்.

நேற்று எல்லோரும் தலைமுடியில் கொஞ்சமும் நகமும் வெட்டி ஒரு உறையில் போட்டுக் கொடுத்தோம். உடல் திரும்பி வராவிட்டால் வீட்டுக்கு இதை அனுப்புவார்களாம். உறையில் தந்தை பெயர் எழுதச் சொன்னார்கள். எந்தப் பெயரை எழுதுவதென்று பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் பாம்கோல் அப்பா பெயரையே எழுதிவிட்டேன். கோபிக்காதீர்கள்.

கிசோப்


சியோல்
1966 ஆகஸ்ட் 22

அன்புத் தம்பிக்கு,

படிவத்தில் முத்திரை வைத்து, சான்றும் சேர்த்துப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். பகுதி அலுவலகத்தில் தாமதமாகிவிட்டது. உடனே பதிவேட்டில் ஏற்றிப் படைக்கு நகல் அனுப்பு. நாள் கடத்தாதே. ஒரு நாள்கூடக் கடத்தாதே.

கிசோப் எனக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தான்.

பதவி கிடைத்துவிட்டது. இந்த மாதம் முதல் தேதியிலிருந்து.

அண்ணன்


பாம்கோல்
1966 அக்டோபர் 2

அண்ணனுக்கு,

நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். அறுவடை விழா முடிந்து மூன்று நாள் ஆகிறது. புது அரிசியில் கொழுக்கட்டை பிடித்து அப்பா அம்மா கல்லறைகளில் படைத்தோம். புல்லைக் கிஜுன் ஒருத்தனாக அறுத்தான்.

உங்கள் தபால் ஆகஸ்ட் 26 வந்தது. அன்றைக்கே வட்டார அலுவலகத்துக்கு ஓடினேன். பங்காளிப் பெரியவர்கள் இருவர் சாட்சி முத்திரையும் வேண்டும் என்றார் குவோன். நம் மூத்த பங்காளி முத்திரையை இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு மலை தாண்டி மகள் வீட்டுக்குப் போயிருந்தார். போய்க் கூட்டி வந்தேன். கிழவர் வழியெல்லாம் உட்கார்ந்து உட்கார்ந்து வந்தார். முதுகில் தூக்கிக்கொண்டும் கொஞ்ச தூரம் நடந்தேன். செப்டம்பர் 1 படிவத்தைக் கொடுத்தேன். 6ஆம் தேதி பதிவேட்டில் ஏறியது.

5ஆம் தேதி கப்பல் பூசானை விட்டுப் போனது.

நான் போயிருந்தேன். வாத்தியம் வாசித்தார்கள். பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகள் கொடி ஆட்டினார்கள். கப்பல் மேல்தட்டில் ஆயிரம் தலை, எல்லாம் ஒரே தொப்பி. எங்கள் பிள்ளை எது என்று தெரியாமல் அவன் அம்மா எல்லோருக்கும் சேர்த்துக் கையாட்டினாள். படையிலிருந்து பதில் வந்தது: கப்பல் ஏறும் முன் தாள் வந்திருக்க வேண்டுமாம். ஏறியபின் ஒரு வருஷம் முடிந்தால்தான் திருப்பி அனுப்புவார்களாம்.

ஆக, இப்போது அவன் உங்கள் பிள்ளை. குவோன் எனக்கு வாழ்த்துச் சொன்னார். உங்களுக்கு நான் சொல்கிறேன்.

முதல் மாதப் பணம் வந்தது. அதைத் தொட்டபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

பியோங்தோக்


வியட்நாம்
1966 டிசம்பர் 11

பெரியப்பாவுக்கு,

அங்கே பனி விழுந்திருக்கும். இங்கே வேர்த்துக் கொட்டுகிறது. நான் நலம். நீங்கள் எல்லோரும் நலமா?

சம்பளக் குமாஸ்தா கூப்பிட்டு, “உன் குடும்பத் தாள் மாறியிருக்குடா. உங்க அப்பா யாரு?” என்று கேட்டான். இரண்டு பேர் என்றேன். “கட்டம் ஒண்ணுதான்டா இருக்கு” என்று சொல்லி உங்கள் பெயரை எழுதிக்கொண்டான். மாதப் பணம் மட்டும் பாம்கோலுக்கே போகட்டும் என்று கேட்டு வாங்கிவிட்டேன். இனிமேல் நான் ஊருக்கு வந்தால் எந்த வீட்டுக்குப் போவது? முதலில் உங்கள் வீட்டில் ஒரு சாப்பாடு, அப்புறம் ரயிலேறி அப்பா வீட்டில் ஒரு சாப்பாடு. பெரியம்மாவை இப்போதே நிறையக் கிம்சி ஊறுகாய் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.

போன வாரம் எங்கள் லாரி ஒரு எருமையை அடித்துவிட்டது. அமெரிக்க அதிகாரி வந்து அந்த விவசாயிக்குப் பணம் எண்ணிக் கொடுத்தார். கேட்டதற்கு மேலேயே கொடுத்தார். அந்த ஆள் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு எருமையையே பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. இதை அவருக்கு எழுதவில்லை. மாட்டு விஷயம் என்றால் கலங்கிப்போவார். கன்று வாங்கியிருக்கிறாராம். நல்ல சுழி பார்த்து வாங்கினாரா என்று நீங்கள் கேட்டு எழுதுங்கள்.

கிசோப்


சியோல்
1967 ஜனவரி 29

தம்பி பியோங்தோக்,

நலம் கேட்டு எழுத எனக்குத் தகுதியில்லை. தந்தி கிடைத்திருக்கும். அதற்குப் பிறகு ஒன்பது நாளாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழிக்கிறேன்.

சேதி கொண்டுவந்த சிப்பாய் என் வீட்டு வாசலில் நின்று, “கிசோப்போட அப்பா நீங்கதானே?” என்று கேட்டான். ஆமாம் என்றேன். அப்படி யாரும் என்னைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

உண்மையைச் சொல்கிறேன். பகுதி அலுவலகம் என்றது பொய். படிவம் பிப்ரவரியிலிருந்து ஆகஸ்ட் வரை என் மேசையில் இரண்டாவது இழுப்பறையில் கிடந்தது. முத்திரை என் சட்டைப்பையில் இருந்தது.

மார்ச்சில் ஒரு நாள் இயக்குநர் ஷிம் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு, “இந்த ரூம்ல இருக்கிறவன் அவனவன் வீட்டுப் பிள்ளையை ஒளிச்சு வச்சா, ஊரான் பிள்ளையை எந்த மூஞ்சியோட அனுப்புறது?” என்றார். அதே மூச்சில் என்னைப் பார்த்து, கோடையில் ஒரு பதவி காலியாகிறது என்றார். அவர் சொன்னது நியாயமாகவும் இருந்தது. அந்த நியாயத்தின் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன். யாரும் என்னை மிரட்டவில்லை. ஒரு தாளை வெளியே எடுக்காமல் இருந்தேன், அவ்வளவுதான். நாட்டுக்கு நீட்டிய விலைப் பட்டியலில் என் பெயருக்கும் ஒரு வரி இருந்திருக்கிறது: அந்தப் பதவி. நான் அதை மட்டும் மொழிபெயர்க்காமல் வாங்கிக்கொண்டேன். பதவி கைக்கு வந்து மூன்று வாரம் கழித்துத்தான் முத்திரையை எடுத்தேன். அதுவும் அந்தப் பிள்ளையின் கடிதத்தைப் படித்துப் படித்துத் தாங்காமல்.

கேட்டதற்கு மேலே கொடுத்தார்களா என்று கேட்டாயே. செத்துப்போகிறவர்களுக்குக் கொடுப்பதைக் கூட்டினார்கள். மற்ற வரிகளில் எல்லாம் ‘இயன்ற அளவு’ என்று இருந்தது. அந்த வரியில் இல்லை. ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து அதைத் திருத்தினேன். பெருந்தன்மையான வரி என்று நினைத்தேன். உன் சந்தைக் கதை வந்தபோது அது என் மேசைமேல் இருந்தது. எனக்கு அப்போதே புரிந்தது, தம்பி.

இப்போது அந்தப் பணம் என் பெயருக்கு வந்திருக்கிறது. பதிவேட்டில் நான்தான் தந்தை. ரசீதில் முத்திரை வைத்தால் கொடுப்பார்கள். முழுதும் உன்னுடையது. வந்து வாங்கிக்கொள், அல்லது நான் கொண்டுவந்து உன் காலடியில் வைக்கிறேன். என்ன செய்ய வேண்டும் என்று சொல். செய்கிறேன்.

இன்தோக்


பாம்கோல்
1967 பிப்ரவரி 13

அண்ணனுக்கு,

புத்தாண்டு பிறந்துவிட்டது. உங்களுக்கும் அண்ணிக்கும் பெண்களுக்கும் உடம்பு நன்றாக இருக்கட்டும். கிஜுனும் நானும் சுகம். அவன் அம்மா மூன்று நாளாகத்தான் எழுந்து கஞ்சி குடிக்கிறாள்.

சடங்கில் உங்கள் கிண்ணத்தை வழக்கம்போல நானே வைத்தேன். கிசோப்புக்கு எதுவும் வைக்கவில்லை. பெற்றவர்கள் பிள்ளைக்குத் திதி கொடுக்கிற வழக்கம் நமக்கில்லை. நானும் கொடுக்க முடியாது, நீங்களும் கொடுக்க முடியாது. கல்யாணமாகாமல் போனவனுக்குச் செய்ய யாருமில்லை. நாளைக்கு உங்களுக்குச் சோறு வைக்கத்தான் அவனைக் கொடுத்தேன்.

என் பங்கையும் சொல்கிறேன். முதல் கடிதத்தில் சடங்கு என்று எழுதினேன். படிவத்துக்கும் வியட்நாமுக்கும் சம்பந்தமில்லை என்று எழுதினேன். வெட்கம். ஊரெல்லாம் பிள்ளைகளை அனுப்பும்போது என் பிள்ளையை மட்டும் காப்பாற்று என்று கேட்க வாய் வரவில்லை. அண்ணா, இவன் உயிரைக் காப்பாற்று என்று ஒரு வரி எழுதியிருந்தால் நீங்கள் அன்றைக்கே முத்திரை வைத்திருப்பீர்கள். வைத்திருப்பீர்கள் என்றுதான் இன்னும் நினைக்கிறேன். அந்த நினைப்பை நீங்கள் என்னிடமிருந்து எடுத்துவிடாதீர்கள்.

கன்றை விற்கவில்லை. அவன் மாதப் பணத்தில் வாங்கியது. கொட்டிலில் நிற்கிறது. நல்ல சுழிதான்.

போன வாரம் படையிலிருந்து ஒரு பெட்டி வந்தது. அதில் அவன் முடியும் நகமும் இருந்த உறை. உறைமேல் அவன் கையெழுத்தில் என் பெயர். பதிவேட்டைப் பார்த்துச் சியோலுக்கு அனுப்பாமல், உறையைப் பார்த்து இங்கே அனுப்பிவிட்டான் எவனோ ஒருவன். அவன் நன்றாக இருக்கட்டும். பின்மலையில் பனி இளகியதும் அந்த உறையை அப்பா கல்லறைக்குக் கொஞ்சம் கீழே புதைப்போம். அதற்கு நீங்கள் வர வேண்டும். பெரிய வீட்டுக்காரர் இல்லாமல் மண் தள்ளக் கூடாது.

பணத்துக்கு நான் வர மாட்டேன். அந்த ரசீதில் தந்தை என்ற கட்டம் ஒன்றுதான் இருக்கிறது. அதில் உங்கள் பெயர் இருக்கிறது. உங்கள் முத்திரையை எடுங்கள் அண்ணா, இந்தத் தடவை நாள் கடத்தாமல், அதில் நீங்களே வையுங்கள்.

தம்பி,
பியோங்தோக்